பொட்டலங்களின் பந்தி

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டர் நெட்வொர்க் பற்றி அரை மணி பேசுங்கள். ஆனால் மாமிகளுக்கும் புரிய வேண்டும்" என்று காரியதரிசி என்னிடம் கேட்டுக்கொண்டார். மாமிகளுக்குப் புரியாது என்று அவர் எப்படித் தீர்மானித்தார் என்று தெரியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்கு இங்கே மாடுங்காவில் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில் ஸ்லோகம் சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்கள்தான். நடுவில் குரல் வெட்டி வெட்டிப் போகும்போது "கேக்கறதா? கேக்கறதா?" என்று கத்துகிறவர்களும் அவர்கள்தான். ஆகவே அந்த "கேக்கறதா?"விலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு விசித்திரத்தைக் கவனித்திருப்பீர்கள். ஹாலில் டிவியில் இணையம் வழியாக சினிமா ஓடுகிறது. ஒரு தடங்கலும் இல்லை. உள்ளறையில் பிள்ளை சீமந்த வீடியோவை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறான், அதுவும் நகர்கிறது. சமையலறையில் மாமி பேசும் பேச்சு மட்டும் துண்டு துண்டாகப் போகிறது. இத்தனைக்கும் மூன்றில் மிகக் குறைவாகக் கேட்பது அந்தப் பேச்சுதான். பழைய டெலிபோன் தரத்தில் குரலை அனுப்பினால், 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டு, அதாவது செகண்டுக்கு 50 துண்டுகள். முகவரிச் சீட்டெல்லாம் சேர்த்து ஒவ்வொன்றும் சுமார் 200 பைட். மொத்தம் செகண்டுக்கு 80 கிலோபிட். இன்றைய செயலிகள் இதைவிடவும் குறைவாகவே எடுத்துக்கொள்கின்றன. சினிமாவோ பல மெகாபிட் விழுங்கும். அப்படியிருக்க, சின்னவன் ஏன் அடிபடுகிறான்?

"ஸ்பீட் போதலை, பெரிய பிளான் வாங்கு" என்பதுதான் எல்லா வீட்டிலும் கிடைக்கும் பதில். பெரும்பாலும் அது தப்பான வைத்தியம் என்பது என் அபிப்ராயம். வியாதி வரிசையில் இருக்கிறது. யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், அதை யார் தீர்மானிக்கிறார் என்பதில் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்ததும் அதுவே.

முதலில் பொட்டலம். ஆங்கிலத்தில் 'பாக்கெட்' என்கிறார்களே, அதற்கு நம் பக்கத்தில் சுண்டல் கட்டித் தருகிற 'பொட்டலம்' என்ற சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய டெலிபோனில் இரண்டு பேர் பேசினால், பேசி முடிக்கும்வரை ஒரு முழுப் பாதை அவர்களுக்கென்றே கட்டிவைக்கப்படும். நடுவில் மௌனமாக இருந்தாலும் பாதை அவர்களுடையதுதான். 1960-களில் அமெரிக்காவில் பால் பேரன், பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் வேறு மாதிரி யோசித்தார்கள். செய்தியைத் துண்டு துண்டாக நறுக்கு. ஒவ்வொரு துண்டின் மேலும் முகவரி எழுது. காலியாக இருக்கும் பாதையில் அனுப்பு. 'பாக்கெட்' என்ற பெயர் டேவிஸ் வைத்தது. பேரன் தம் முறையைச் 'சூடான உருளைக்கிழங்கு' என்றார். கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, வந்தவுடன் அடுத்தவர் கைக்குத் தள்ளிவிட வேண்டும் என்று அர்த்தம்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. பொட்டலம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பது ஒன்று. ஒரே வழிக்குப் பல பொட்டலங்கள் வந்து நின்றால் யார் முதலில் என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். இரண்டாவதில்தான் நம் மாமியின் தலைவிதி இருக்கிறது. இருந்தாலும் வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வழி கண்டுபிடிக்கும் வேலையை ரௌட்டர் என்ற பெட்டி செய்கிறது. அதற்கு முழுப் பயணமும் தெரியாது. 1972 ஆகஸ்ட் 15-ல் நம் தபால் துறை கொண்டுவந்த பின்கோடை நினைத்துக்கொள்ளுங்கள். நாக்பூரில் தபால் பிரிப்பவர் 600004 என்று பார்த்தால், அது மயிலாப்பூர், கபாலீஸ்வரர் கோயில் எந்தப் பக்கம் என்றெல்லாம் யோசிக்க மாட்டார். முதல் எண் 6, தெற்கே போகிற பையில் போடு, அவ்வளவுதான். கடைசி மூன்று எண்களைப் பற்றிச் சென்னைக்காரர் கவலைப்படுவார். ரௌட்டரும் அப்படியே. முகவரியின் முன்பகுதியைப் பார்க்கிறது. தன் அட்டவணையில் எந்த வரி அதிக இலக்கங்களுக்குப் பொருந்துகிறதோ அந்தத் திசையில் தள்ளுகிறது.

அந்த அட்டவணையை எப்படித் தயாரிப்பது? ஒரே நிறுவனத்தின் வலைக்குள்ளே என்றால், ஹாலந்து தேசத்து எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் கண்டுபிடித்த குறுக்குவழிக் கணக்கு இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றிவிட்டு, களைத்துப்போய் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபோது, பேப்பர் பென்சில் இல்லாமல் 20 நிமிஷத்தில் மனசுக்குள்ளேயே போட்ட கணக்கு அது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1959-ல்தான் பிரசுரித்தார். காபிக்கு இத்தனை மகிமை உண்டு என்பது நமக்குப் புதிதல்ல.

நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் தூரக் கணக்கு செல்லாது. அங்கே ஒப்பந்தம்தான் பேசும். சம்பந்திகளுக்குள் யார் வீட்டு வண்டி யாரை ஏற்றிக்கொள்ளும் என்பது போல. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், விதேஷ் சஞ்சார் நிகம் மூலமாக. (தபால் எண்ணுக்கும் இதற்கும் ஒரே தேதி அமைந்ததை ரசிக்கலாம்.) அதன்பின் பல நிறுவனங்கள் வந்தன. அவற்றுக்குள் நேரடி இணைப்பு இல்லாததால், மும்பையில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அனுப்பிய ஈமெயில் அமெரிக்கா போய்த் திரும்பிவருவது சகஜமாக இருந்தது. உள்ளூர்ப் பொட்டலங்களை உள்ளூரிலேயே கைமாற்றிக்கொள்ளட்டும் என்றுதான் 2003-ல் 'நிக்ஸி' என்ற பொது இணைப்பகத்தை ஏற்படுத்தினார்கள்.

சரி, ஒரு வழியில் கூட்டம் அதிகமானால் வேறு வழியில் திருப்பிவிட்டால் போயிற்றே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. இணையத்தின் தாய்வீடான ஆர்பாநெட்டில் 1979 முதல், எந்த வழியில் தாமதம் குறைவோ அந்த வழியில் அனுப்பு என்று வைத்தார்கள். கூட்டம் குறைவாக இருந்தவரை நன்றாக நடந்தது. கூட்டம் கூடியதும் எல்லா ரௌட்டரும் ஒரே சமயத்தில் 'வடக்கு வழி காலி' என்று அங்கே பாய்ந்தன. வடக்கு அடைத்துக்கொண்டது, தெற்கு காலியாயிற்று. உடனே எல்லாமே தெற்கே பாய்ந்தன. கோயில் உற்சவத்தில் ஒரு வாசலில் கூட்டம் என்று மறு வாசலுக்கு ஓடுகிற ஜனங்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? 1987-ல் அந்தக் கணக்கைத் திருத்தி, தாமதம் மாறினாலும் வழியை வெடுக்கென்று மாற்றாதே என்று நிதானப்படுத்த வேண்டியிருந்தது. மேலும், நம் வீட்டிலிருந்து வெளியே போக ஒரே ஒரு கம்பிதான் இருக்கிறது. வாசல் ஒன்று என்றால் எந்த வாசல் என்ற கேள்வியே கிடையாது. யார் முதலில் என்ற கேள்விதான் மிச்சம்.

இப்போது அந்த வாசலில் போய் நிற்போம்.

மும்பையிலிருந்து நியூயார்க் நேர்கோட்டில் ஏறக்குறைய 12,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். யார் என்ன செய்தாலும் 60 மில்லிசெகண்டுக்குக் குறைந்து குரல் அங்கே போய்ச் சேராது. கடலடிக் கம்பி நேர்கோட்டில் போவதில்லை. அரபிக்கடல், செங்கடல், மத்தியதரைக்கடல், அட்லாண்டிக் என்று சுற்றுவதால் நடைமுறையில் 100-ஐ ஒட்டி வரும். ஒரு பக்கம் போக 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்று சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்திருக்கிறது. அதற்கு மேல் போகப் போக, இருவரும் ஒரே சமயத்தில் பேசி, ஒரே சமயத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்லை, நீ சொல்லு" என்று ஆகிவிடும். ஆக, வழியில் நிற்பதற்கு நம்மிடம் கையிருப்பு 50 மில்லிசெகண்ட்.

வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம் செகண்டுக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீமந்த வீடியோவின் ஒரு பொட்டலம் 1,500 பைட். அது வாசலைக் கடக்க 12 மில்லிசெகண்ட். முன்னால் இப்படி நாலு பொட்டலம் நின்றால் 48. கையிருப்பு தீர்ந்தது. நாலு எங்கே, நூறு நிற்கும்! அப்போது மாமியின் குரல்துண்டு 1.2 செகண்ட் கழித்து வெளியே வருகிறது. அதற்குள் அந்தப் பக்கத்துச் செயலி 'இது இனிமேல் வந்து பிரயோஜனமில்லை' என்று அந்த இடத்தை மௌனமாக விட்டுவிடுகிறது. அதுதான் வெட்டு. சினிமாவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அது அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ முன்கூட்டியே வாங்கி டிவிக்குள் வைத்துக்கொள்கிறது. பேச்சை முன்கூட்டி வாங்கிவைக்க முடியாது. அடுத்து என்ன பேசப்போகிறோம் என்று நமக்கே தெரியாதே.

வந்த வரிசைப்படி அனுப்புவது என்பது பார்வைக்கு நியாயமாகத் தெரிகிறது. ரேஷன் கடையில் அதைத்தான் கேட்கிறோம். ஆனால் ரேஷன் கடையில் ஒரு ஆளுக்கு ஒரு இடம். இங்கே ஒருவன் நூறு பொட்டலத்தோடு வந்து நூறு இடத்தையும் பிடித்துக்கொள்கிறான். ஜான் நேகிள் என்ற பொறியாளர் 1985-லேயே இதை எழுதினார். வந்த வரிசைதான் விதி என்றால், ஒவ்வொருவருக்கும் லாபமான தந்திரம் முடிந்த அளவு அதிகமாகக் கொண்டுவந்து கொட்டுவதே என்றார். அடக்கமாக இருப்பவன் நஷ்டப்படுகிறான். அவர் இன்னொன்றும் காட்டினார், அது இன்னும் ஆச்சரியமானது. ரௌட்டரில் எல்லையில்லாத இடம் இருந்து, ஒரு பொட்டலத்தையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டாலும், கூட்டம் தாங்க முடியாமல் போனால் கடைசியில் ஒன்றுகூடப் போய்ச் சேராது. வரிசை நீண்டுகொண்டே போய், ஒவ்வொரு பொட்டலமும் தன் முறை வரும்போது ஆயுள் முடிந்து கிடக்கும்.

மறு வருஷமே, 1986 அக்டோபரில், நிஜமாகவே ஒரு நிலைகுலைவு நடந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் தூரம் 400 கஜம்தான். அவற்றுக்கிடையே செகண்டுக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்தது 40 பிட் ஆயிற்று. எண்ணூறில் ஒரு பங்கு! நடந்து போய்க் கையில் கொடுத்திருக்கலாம். காரணம் இதுதான்: பதில் வரவில்லையே என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியது; அதனால் கூட்டம் இன்னும் ஏறியது. வான் ஜேக்கப்சன் என்பவர் 1988-ல் வெளியிட்ட வைத்தியம் இன்றுவரை இணையத்தைக் காப்பாற்றி வருகிறது. பொட்டலம் தொலைந்தால் வழியில் கூட்டம் என்று புரிந்துகொள். உன் வேகத்தைப் பாதியாக்கு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. இது அனுப்புகிறவன் கடைப்பிடிக்க வேண்டிய ஆசாரம். ஆனால் ஆசாரத்தை எல்லோரும் கடைப்பிடிப்பார்கள் என்று நம்பி ஊரை நடத்த முடியுமா? வாசலில் நிற்பவனும் ஏதாவது செய்ய வேண்டாமா?

இங்கேதான் பந்தி வருகிறது.

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் எப்படிப் பரிமாறுகிறார்? முதல் இலைக்காரர் நன்றாகச் சாப்பிடுகிறவர் என்பதற்காக வாளி சாம்பாரையும் அவர் இலையிலேயே கவிழ்ப்பதில்லை. இலைக்கு ஒரு கரண்டி, அடுத்த இலை, அடுத்த இலை, கடைசிவரை போய்த் திரும்பி வந்து "சாம்பார்... சாம்பார்..." என்று மறுபடி. யார் எவ்வளவு வேகமாகக் கேட்டாலும் ஒரு சுற்றில் ஒரு கரண்டிதான். கொஞ்சமாகச் சாப்பிடும் பாட்டிக்கு முதல் சுற்றிலேயே திருப்தி. அதிகம் சாப்பிடுகிறவருக்கும் பஞ்சம் இல்லை. மற்றவர்கள் போதும் என்ற பிறகு மிச்சம் எல்லாம் அவருக்கே.

ரௌட்டரும் அப்படிச் செய்யட்டும் என்பதுதான் யோசனை. ஒரே வரிசைக்குப் பதிலாக ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு தனி வரிசை, அதாவது தனி இலை. சீமந்த வீடியோவின் நூறு பொட்டலமும் அதன் வரிசையிலேயே நிற்கும். மாமியின் குரலுக்குத் தனி வரிசை. அதில் ஒரே ஒரு துண்டு. அடுத்த சுற்றிலேயே அது போய்விடும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பொட்டலங்கள் ஒரே அளவில்லை. சுற்றுக்கு ஒரு பொட்டலம் என்றால், 1,500 பைட் பொட்டலம் வைத்திருப்பவன் 200 பைட்காரனைவிட ஏழரை மடங்கு வாங்கிவிடுவான். கரண்டி அளவு வேறு வேறாக இருக்கும் பந்தி. 1989-ல் டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் என்ற மூவர் இதற்கு ஒரு கணக்கு சொன்னார்கள். கேசவ் நம் டெல்லி ஐ.ஐ.டி.யில் 1986-ல் படித்து முடித்தவர். அப்போது பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவர். பிட் பிட்டாகப் பரிமாறியிருந்தால் எந்தப் பொட்டலம் எப்போது முடிந்திருக்கும் என்று கற்பனையாகக் கணக்கிடு. முதலில் முடிந்திருக்கக்கூடியதை முதலில் அனுப்பு. அழகான தீர்வு. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இவ்வளவு கணக்குப் போட வேகமான ரௌட்டரில் அவகாசம் கிடையாது.

1995-ல் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் சேர்ந்து இதை ஒரு மளிகைக்கடைப் பற்றுவரவு போலச் சுலபமாக்கிவிட்டார்கள். வர்கீஸ் பம்பாய் ஐ.ஐ.டி. மாணவர், நம் பவாய்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசையின் கணக்கிலும் 500 பைட் வரவு வை. முன்னால் நிற்கும் பொட்டலம் 1,200 என்றால் இந்தச் சுற்றில் போக முடியாது, வரவு தங்கும். அடுத்த சுற்றில் 1,000, அதற்கடுத்து 1,500. இப்போது அனுப்பு, பாக்கி 300. வரிசை காலியாகிவிட்டால் பாக்கியும் ரத்து. ஊரில் இல்லாதவன் பெயரில் வரவு சேர்த்துவைக்கக் கூடாது. ஒரு கூட்டல், ஒரு கழித்தல், அவ்வளவுதான் வேலை. இரண்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் நீண்ட நேரத்தில் எல்லோருக்கும் சமபங்கு கிடைத்துவிடுகிறது. என் வரையில் இந்தத் துறையில் இதைவிட மனநிறைவு தரும் யோசனை வேறு இல்லை.

"இவ்வளவு சுற்று எதற்கு? குரல் பொட்டலம் வந்தால் அதை முதலில் விடு என்று ஒரு உத்தரவு போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். போடலாம், சில அலுவலக வலைகளில் போடுகிறார்கள். ஆனால் நம் ரயில்வேயைப் பாருங்கள். ராஜதானி வருகிறது என்று கூட்ஸ் வண்டியை லூப் லைனில் ஒதுக்குவார்கள். அது போனதும் இன்னொரு மெயில், பிறகு இன்னொரு எக்ஸ்பிரஸ். கூட்ஸ் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். கண்டிப்பான முன்னுரிமை வைத்தால் கீழே இருப்பவன் பட்டினி. இரண்டாவது ஆபத்து, தான் வி.ஐ.பி. என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பொட்டலத்தின் மேல் அவசரத்தைக் குறிக்க 1981-லேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் எமர்ஜென்சி கோட்டாவுக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்குகிற தேசத்தவர்களான நமக்கு, வெளியார் எழுதிய அந்தக் குறியைப் பொது வலையில் ஏன் பெரும்பாலும் மதிப்பதில்லை என்று விளக்க வேண்டியதில்லை. பந்தி முறையில் யாரும் தன்னை வி.ஐ.பி. என்று சொல்லிக்கொள்ளத் தேவை இல்லை. கொஞ்சமாகக் கேட்கிறவனுக்குச் சீக்கிரம் கிடைக்கிறது. பொய் சொல்வதில் லாபம் இல்லை.

இத்தனை யோசனையும் 1995-க்குள் தயார். பிறகு ஏன் நம் வீட்டில் குரல் வெட்டுகிறது? வீட்டுப் பெட்டி தயாரிப்பவர்கள் நேர் எதிர்த் திசையில் போனார்கள். மெமரி விலை சரிந்தது. 'எங்கள் பெட்டி ஒரு பொட்டலத்தையும் தொலைக்காது' என்ற பெருமைக்காக இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். வரிசை மட்டும் அதே ஒற்றை வரிசை. வான் ஜேக்கப்சனின் ஆசாரம் எதை நம்பி இருக்கிறது? பொட்டலம் தொலைவதை. தொலைந்தால்தான் அனுப்புகிறவன் வேகத்தைக் குறைப்பான். தொலைக்கவே மாட்டேன் என்று பெட்டி அடம் பிடித்தால், அவன் வழி காலியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு வேகத்தை ஏற்றிக்கொண்டே போகிறான். வரிசை செகண்ட் கணக்கில் நீள்கிறது. 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர், வீட்டில் பெரிய கோப்பு அனுப்பும்போதெல்லாம் குழந்தைகள் இணையம் மந்தம் என்று புகார் சொல்வதை ஆராயப்போய், இந்த நோயை அடையாளம் கண்டு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார். அஜீர்ண வீக்கம் என்று தமிழில் சொல்லலாம்.

2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் மருந்து சொன்னார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே. ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் நின்றது என்று பார். சட்டென்று கூட்டம் வந்து சட்டென்று கலைந்தால் பாதகமில்லை. ஆனால் தொடர்ந்து 100 மில்லிசெகண்டுக்கு, எந்தப் பொட்டலமும் 5 மில்லிசெகண்டுக்குக் குறைவாகக் காத்திருக்கவில்லை என்றால், அது கூட்டமில்லை, தேக்கம். உடனே ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் போடு. அனுப்புகிறவனுக்குச் செய்தி போய்விடும், வேகத்தைக் குறைப்பான். தொலைந்த அந்த ஒன்றை அவனே மறுபடி அனுப்பிவிடுவான். சீமந்த வீடியோவில் ஒரு சேதமும் வராது. இந்த முறையையும் பந்தி முறையையும் சேர்த்துக் கட்டியது 2018-ல் இணைய விதிமுறை ஆவணமாகவே வெளிவந்தது. லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது தானாகவே இயங்குகிறது. வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கிறவர்கள் இலவசமாகத் தருகிற பெட்டிகள் எல்லாவற்றிலும் அது இல்லை என்பதுதான் நம் சங்கடம்.

இதுவரை சொன்னது நம் வீட்டு வாசல். ஊருக்கே வாசல் ஒன்று இருக்கிறதே, அங்கே யார் பரிமாறுகிறார்கள்? டெலிபோன் நிறுவனங்கள். 2014 டிசம்பரில் ஒரு பெரிய நிறுவனம், இணையம் வழியாகப் பேசும் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது. 2015 மார்ச்சில் டிராய் மக்கள் கருத்தைக் கேட்டது. பத்து லட்சத்துக்கு மேல் ஈமெயில்கள் குவிந்தன. சில குறிப்பிட்ட இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டமும் அப்போது நடந்துகொண்டிருந்தது. 2016 பிப்ரவரி 8-ல் டிராய் தீர்மானமாகச் சொல்லிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். அடைப்பது, வேகத்தைக் குறைப்பது, காசு வாங்கிக்கொண்டு முன்னே விடுவது ஆகியவையும் கூடாது என்று 2017 நவம்பரில் பரிந்துரை செய்தது. 2018 ஜூலையில் அரசு ஏற்றது. நியாயமான போக்குவரத்து ஒழுங்குக்கும் சில விசேஷ சேவைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

இலவசமாக ஏழைகளுக்குக் கிடைப்பதைத் தடுப்பானேன் என்று அந்நாளில் நம் நண்பர்கள் சிலர் வாதாடினார்கள். அந்த வாதம் அற்பமானதல்ல. ஆனால் பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துப் பரிமாறுவது வேறு, மொய்ப் பணத்தைப் பார்த்துப் பரிமாறுவது வேறு. குரல் அவசரமானது, வீடியோ பொறுக்கும் என்று பொறியாளர் பிரிக்கலாம்; எல்லோருடைய குரலுக்கும் ஒரே விதியாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தக் கம்பெனியின் குரல் முன்னே, அந்தக் கம்பெனியின் குரல் பின்னே என்று பிரிக்க ஆரம்பித்தால், நாளைக்குப் பேத்தியோடு எந்தச் செயலியில் பேசுவது என்பதையும் அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். விசேஷ சேவை என்ற விலக்கு எவ்வளவு அகலமாகிறது என்பதைத் தொடர்ந்து கவனித்துவர வேண்டும். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தானே.

நேரமாகிவிட்டது என்று காரியதரிசி கையைக் காட்டுகிறார். இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முன் வரிசை மாமி கேட்பது: "அப்போ நான் பேசறச்சே என்ன பண்ணணும்?" நல்ல கேள்வி. உங்கள் போன் எடுத்த போட்டோக்களைத் தானாக மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். பேசும் நேரத்தில் அதை நிறுத்திவையுங்கள். சீமந்த வீடியோவை ராத்திரி அனுப்பச் சொல்லுங்கள். ரௌட்டர் வாங்கும்போது எத்தனை ஆன்டெனா என்று எண்ணாமல், வரிசையைச் சீராக்கும் வசதி இருக்கிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சில பெட்டிகளில் அது 'எஸ்.க்யூ.எம்.' என்ற பெயரில் இருக்கும். சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. வீடு அமைதியாக இருக்கும்போது ஒரு தடவை, யாராவது பெரிய கோப்பு அனுப்பும்போது ஒரு தடவை, போய்வரும் நேரத்தை 'பிங்' போட்டுப் பாருங்கள். 30 மில்லிசெகண்ட் 40 ஆனால் பெட்டி நல்ல பெட்டி. 30 என்பது 900 ஆனால், வரிசை எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பின்னால் ஒரு நண்பர் கேட்கிறார்: "எங்க வீட்ல 300 மெகாபிட் லைன். அப்படியும் வெட்டறதே?" உங்கள் வாசல் இப்போது கம்பியில் இல்லை, காற்றில் இருக்கிறது. வைஃபையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மூலையில் இருக்கும் பழைய போன், சுவர்கள் தாண்டி மெதுவாகப் பேசுவதால், அதே ஒரு பொட்டலத்துக்குப் பத்து மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். பந்தியில் பல் இல்லாத தாத்தா அப்பளத்தை நிதானமாக நொறுக்கிக்கொண்டிருக்க, அவருக்காக மோர் நிற்கிற மாதிரி. அதனால் அங்கே பொட்டலத்தை எண்ணிப் பரிமாறினால் நியாயம் வராது. ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று காற்றை அளந்து கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யும் முறை 2017 வாக்கில் லினக்ஸில் சேர்ந்துவிட்டது. அது வரும்வரை, நீங்கள் பேசும் கம்ப்யூட்டரை ரௌட்டரோடு பத்தடிக் கம்பியால் நேராக இணைத்துவிடுங்கள்.